இரவல் கை

அத்தியாயம் 11

பட்டறையை மூடப் போகிறேன் என்று ஜெய்னுலாப்தீன் பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த பூமிநாதன், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டானே, அந்த இடத்தில் அவன் பெண்டாட்டி மாரிக்கனியை விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தவள்தான். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அவளுக்கு உட்கார நேரமில்லை.

பட்டறையில் மிஞ்சியிருந்தது இரும்பு கடைகிற லேத் மெஷின் இரண்டு. ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரி எடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மற்றதை எடுக்க வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லாரி வரும் என்று சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில்தான் சபீர் போன் செய்தான். பாயின் அக்கா மகன், வீரசோழன் ஊர்க்காரன். சவுதியில், தம்மாமில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறான். அங்கே லேத் ஓட்டுகிற டர்னர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டாராம், அந்த இடத்துக்கு ஆள் வேண்டுமாம். சம்பளத்தை அவன் சொன்னபோது பாய் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பூமிநாதனை ஒரு பார்வை பார்த்தார். பீஸுக்கு இவ்வளவு என்கிற கணக்கே அங்கே கிடையாது. மாதச் சம்பளம், தங்க இடம்.

நிபந்தனை ஒன்றுதான். அங்கே இருக்கிற ஃபோர்மேன் மலையாளி. ஏஜெண்டு பேச்சை நம்பி இரண்டு முறை ஏமாந்தவர். ஆள் லேத்தில் நின்று மில்லிமீட்டர் மரை ஒன்று வெட்டுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முகமும் தெரிய வேண்டும், கையும் தெரிய வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டியிருக்கக் கூடாது.

மரை என்றால் போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே, அந்தப் பள்ளம்தான். டர்னர் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு வேலைக்குச் சேர்ந்த ஓரிரு வருசத்தில் கைக்கு வந்துவிட வேண்டியது. பூமிநாதனோ இருபத்தைந்து வருசத்து டர்னர். அதனால் வீடியோ என்றதும் வீட்டில் யாரும் பயப்படவில்லை. மாரிக்கனி பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஜோதிகா வந்து இறங்கினாள். ஒரே மகள். மெட்ராஸ் பக்கம் கார் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் லேத் ஓட்டுகிறாள். நல்ல கேமரா உள்ள போன் வீட்டில் அவளிடம்தான் இருந்தது. வீடியோ எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று நாள் லீவு என்றாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, அதோடு தலையணையையும் சுருட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று நாள் லீவுக்கு யாரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. மாரிக்கனி அதை வாங்கி மூலையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் வீடியோ முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பூமிநாதன் முகம் மழித்து, திருநீறு பூசி, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஆயுத பூஜைக்குப் பாய் பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுத்த சட்டை அது.

"மூஞ்சி தெரியணும்னு சொல்லிட்டாகல்ல. அப்பன் அழகா இருக்கிற பக்கமாப் பாத்து எடு" என்று மகளிடம் சொன்னான்.

"எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிருங்கப்பா" என்றாள் அவள்.

மாரிக்கனி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பந்தல்குடி ரோட்டில் பட்டறை. போய்ச் சேரும்போது பாய் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். போன லேத் நின்ற இடத்தில் சிமெண்டு மட்டும் கறுப்பாக, எண்ணெய் ஊறிப்போய்க் கிடந்தது. பாய் மூன்று இரும்பு ராடுகளை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். ஒன்று போதும், கூட இரண்டு இருக்கட்டும் என்றார். ஜும்மா தொழுகைக்குப் போகும் முன்னால் முடித்துவிட்டால் தானும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். பிறகு ஏதோ யோசித்து, பக்கத்தில் நின்றால் பூமிக்குக் கை ஓடாது என்று வெளியே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஜோதிகா போனை நிமிர்த்திப் பிடித்தாள்.

"வணக்கம். என் பெயர் பூமிநாதன். ஊர் அருப்புக்கோட்டை" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் போல அவன் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது அங்குலக் கணக்கில் செய்த பழைய லேத். அங்குல மரை வெட்டும்போது, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் லிவரைத் தூக்கிவிட்டு, வெட்டுகிற டூலைக் கையால் பின்னுக்கு இழுத்து, மறுபடி லிவரை அமுக்கலாம். டூல் பழைய தடத்திலேயே போய் விழும். மில்லிமீட்டர் மரைக்கு அது நடக்காது. ஆரம்பத்தில் அமுக்கிய லிவரைக் கடைசி வரைக்கும் தொடவே கூடாது. மெஷினையே பின்னோக்கிச் சுற்றவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும். லிவரைத் தூக்கினால் டூல் தடம் மாறி விழுந்து, வெட்டிய மரை மேல் இன்னொரு மரை ஏறிவிடும். வருசக்கணக்காகத் தூக்குவாளியோடு வந்து நின்ற பழக்கத்தில் மாரிக்கனிக்கே அது தெரியும். பூமிநாதனுக்குத் தெரியாதா.

இரண்டு ஓட்டம் நன்றாகப் போனது. மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் அவன் கை தன்பாட்டுக்கு எழுந்து போய் லிவரைத் தூக்கியது. இழுத்தது. அமுக்கியது.

மெஷினின் சத்தம் மாறியது. ஜோதிகா போனை இறக்கினாள். பூமிநாதன் மோட்டாரை நிறுத்திவிட்டு ராடைக் குனிந்து பார்த்தான்.

"கேமரான்னதும் கொஞ்சம் கூச்சம் வந்திருச்சு" என்றான்.

கூச்சம் இல்லை என்று மாரிக்கனிக்குத் தெரியும். பன்னிரண்டு வருசமாக அந்தக் கை வேறு வேலை பார்த்ததில்லை.

சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீருக்குப் போர்வெல் போட்ட காலம் அது. பைப்பையும் பைப்பையும் இணைக்கிற, அங்குல மரை வெட்டிய கப்ளிங்குக்குப் பட்டறை வாசலில் ஆள் காத்துக் கிடந்தது. பாய் நாள் சம்பளத்தை நிறுத்திவிட்டுக் கப்ளிங் ஒன்றுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு மாற்றினார். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வெட்டினால் பழைய கூலி வரும், கொஞ்சம் கூடவும் வரும். மில்லு ஷாஃப்ட், டிராக்டர் சாமான் என்று வேறு வேலை வந்தால் அளவெடுக்கவே நேரம் போய்விடும், அன்றைய காசு குறையும். அதனால் யாரும் அதைத் தொடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த வேலை வருவதும் நின்றது. பிறகு பிளாஸ்டிக் பைப் வந்தது. மரையோடு கம்பெனியிலிருந்தே வந்து இறங்கியது. கப்ளிங்கும் நின்றது.

இரண்டாவது ராடுக்கு, லிவரை அமுக்கிய வாக்கில் கழிவுத் துணியால் கட்டிவிடச் சொன்னான் பூமிநாதன். மாரிக்கனிதான் கட்டினாள், இரண்டு முடிச்சு போட்டு. வீடியோவில் தெரிந்தால் தெரியட்டும் என்றான்.

ஐந்தாவது ஓட்டத்தில் கை மறுபடி லிவருக்குப் போனது. துணியில் முட்டி நின்றது. ஒரு கணம் அவன் அந்தத் துணியையே பார்த்தான். அந்த ஒரு கணத்தில் ஓட்டம் முடிகிற இடத்தைத் தாண்டி டூல் போய் ராடின் தோளில் இடித்து, முனை ஒடிந்து தெறித்தது.

மிஞ்சியது ஒரு ராடு.

பூமிநாதன் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில் உட்கார்ந்தான். வேர்வையில் திருநீறு கரைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகளைப் பார்த்து, நீ வெட்டுகிறாயா, கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று ஜோதிகாவுக்குப் புரியவில்லை.

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"நீயும் லேத்துலதானத்தா நிக்கிற."

"பீஸ வச்சு, கதவ மூடி, பச்ச பட்டன அமுக்குவேன். முடிஞ்சதும் எடுத்துட்டு அடுத்தத வைப்பேன். அதுல என்ன நடக்குதுன்னு கண்ணாடி வழியாத்தான் பாத்திருக்கேன். புரோகிராம் போடுறவரு வேற ஆளு." அவள் போனின் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். "அதுவும் இனிமே இல்லப்பா. காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. யாரையும் ரெண்டு வருசத்துக்கு மேல வச்சிக்கிறதில்ல. புதுசா வந்த பிள்ளைக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அரை நாள்ல கத்துக்கிருச்சு."

"தலகாணியத் தூக்கிட்டு வந்தப்பவே நெனச்சேன்" என்றான் பூமிநாதன்.

மாரிக்கனி எழுந்தாள். அந்த ஊரில் மில்லிமீட்டர் மரை வெட்டத் தெரிந்த கை இன்னொன்று இருந்தது. அதை அவள் காலையிலிருந்தே நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"எங்கண்ணனக் கூட்டியாரேன்."

"அவர் வந்தா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றான் பூமிநாதன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

திருச்சுழி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஷேர் ஆட்டோவில் இறங்கும்போதே விசில் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக அண்ணன் இருளப்பசாமி கார்களை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இடது கையில் ஆள்காட்டி விரலின் மேல்கணு அவருக்குக் கிடையாது, வாலிப வயதில் பெல்ட் இழுத்துக்கொண்டு போனது. ஜோதிகா நடை பழகியது அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான்.

"மாரியா. பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார்.

அம்மா செத்த அன்றைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

பீஸ் ரேட்டு வந்தபோது, வேலைக்குப் போவதில்லை என்று நான்கு டர்னர்கள் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவர் இருளப்பசாமி. நான்காம் நாள் காலையில் பூமிநாதன் போய் மோட்டாரைப் போட்டுவிட்டான். மற்ற இருவரும் மறுநாள் போனார்கள். இருளப்பசாமி மட்டும் போகவேயில்லை, வேறு பட்டறைகளில் வேலை தேடிக்கொண்டார். தங்கச்சி வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

மாரிக்கனி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சபீர், வீடியோ, லாரி, ஒடிந்த டூல். அவர் நடுவில் ஒரு வேனைக் கைகாட்டி உள்ளே விட்டார்.

"ஆக, மாப்ளைக்கு மரை வெட்டத் தெரியல."

"தெரியும்ணே. கை வர மாட்டேங்குது."

"எப்பிடி வரும். கப்ளிங்குக்கு வித்த கைதான அது."

"அன்னைக்கு பிள்ள டைபாய்டுல கெடந்துச்சு. நீ எட்டிக்கூடப் பாக்கல. இப்பவும் வித்தான் வெட்டினான்னு பேசிக்கிட்டே நிக்கிற."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு கேட்டது வேறு. இந்தக் காக்கிச் சட்டைக்கு என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா என்றார். லேத்தில் கடைசியாக வாங்கிய கூலியைவிட இது கூடுதலாம். நிற்கக்கூட வேண்டாமாம், நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். முப்பது வருசம் இரும்போடு மல்லுக்கட்டியதற்கு, ஊதத் தெரிந்தால் போதும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்றார்.

"வருவியா, மாட்டியா?"

"வாரேன். ஆனா மாப்ள அங்கயே நிக்கணும். நான் வெட்டுறத ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் கண்ணால பாக்கணும்."

விசிலை மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். பூமிநாதன் போகாமல் அங்கேயேதான் இருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருளப்பசாமி நேராகச் சாணைக்குப் போய், புது டூலைத் தானே தீட்டினார். பொறி பறந்தது. லிவரில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அவிழ்த்து, யாரிடமும் கொடுக்காமல் கீழே போட்டார்.

வழி கண்டுபிடித்தவள் ஜோதிகா. பட்டறை ஆணியில் பழைய நீலச் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதே ஆயுத பூஜைத் துணி. மாமா அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் அப்பா முகம். அவர் பெயரைச் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்புவார். போன் மெதுவாக இறங்கி, சுற்றுகிற ராடுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். திரையில் ராடு மட்டும் இருக்கிற நேரத்தில் அப்பா விலக, மாமா வந்து நிற்க வேண்டும். பிறகு கைகள். முடிவிலும் அப்படியே திரும்ப வேண்டும். வெட்டு ஒட்டு எதுவும் இருக்காது.

இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். முதல் முறை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள்.

"காலைப் பாத்து வைங்க மாப்ள" என்றார் இருளப்பசாமி.

"நீங்க பாத்து வைங்க மச்சான்" என்றான் பூமிநாதன்.

பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

பிறகு வெட்டினார். மாரிக்கனி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரமே இல்லை. ஓட்டம் முடிகிற இடத்தில் வலது கை டூலை வெளியே இழுத்தது, இடது கை மெஷினைப் பின்னோக்கித் திருப்பியது. லிவர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாத மாதிரி இருந்தது. இரும்புச் சுருள் புகைந்து விழுந்தது. பூமிநாதன் சொன்ன இடத்தில், சொன்னபடியே நின்று, கடைசி வரைக்கும் பார்த்தான்.

மோட்டார் நின்றதும் இருளப்பசாமி நட்டை எடுத்து ராடின் முனையில் வைத்தார். இடது ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினார். நட்டு சுழன்றுகொண்டே போய் மரையின் அடியில் நின்றது. ஜோதிகா தன்னையறியாமல் போனை நெருக்கமாகக் கொண்டுபோனாள். எண்ணெய் மினுமினுத்த மரை, நட்டு, அதன் மேல் விரல். பிறகு ராடு. பிறகு அப்பாவின் முகம்.

பூமிநாதன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். சிரித்தான். மாரிக்கனி ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருளப்பசாமி நீலச் சட்டையை அவிழ்த்து மறுபடி ஆணியில் மாட்டினார். ஜெயித்துவிட்டுப் போகிறவர் மாதிரி ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்த பாட்டிலை அண்ணாந்து குடித்தார்.

"அங்க போய் என்ன செய்வீங்க மாப்ள?"

"பழகிக்கிருவேன்."

"எதுல? இதுவும் இன்னும் செத்த நேரத்துல போயிரும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பந்திக்கு வண்டிகள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு இறங்கினார்.

பாய் திரும்பி வந்தபோது மரை வெட்டிய ராடைக் கையில் எடுத்து, நட்டைச் சுழற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஜோதிகா வீடியோவைக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இத்தனை வருசம் பார்த்த கைதானே, அதில் புதிதாக என்ன பார்க்க இருக்கிறது என்றார். தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, அப்படியே சபீருக்கு அனுப்பினார். கூடவே வாயாலும் பேசி அனுப்பினார்.

"சபீரு, இது பூமி. நம்ம பட்டறை ஆளு. இவருக்கு நான் பொறுப்பு வாப்பா. ஃபோர்மேன்கிட்டயும் அப்பிடியே சொல்லு."

மாரிக்கனி பூமிநாதனைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த இரும்புச் சுருளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. லோடுமேன்கள் செயினைப் போட்டு லேத்தைத் தூக்கினார்கள். ஏறும்போது ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் ரோட்டு வரைக்கும் கோடாக ஒழுகியது. பாய் ஷட்டரை இறக்கினார். பூட்டவில்லை. உள்ளே பூட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சபீர் கூப்பிட்டான். அங்கே லீவு நாள், ஃபோர்மேனும் ரூமில்தான் இருந்தாராம். ஜோதிகா ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பூமிநாதண்ணே, முடிஞ்சு போச்சுண்ணே. மூணு தடவ போட்டுப் பாத்தாரு. இந்த மாதிரி ஆள்தான் தேடுறேன்னுட்டாரு."

மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருசம். இரண்டே வருசம் போய்விட்டு வந்தால் போதும். பழகிக்கொள்வார். எப்படியாவது பழகிக்கொள்வார்.

"அதுலயும் கடைசில நட்டத் தட்டி விட்டீங்கல்ல, அந்த இடத்துல நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தாருண்ணே. உங்களுக்கு அந்த விரலு பாதி இல்லையாமே. எங்க மாமா இத்தன வருசத்துல ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னதில்ல. ஃபோர்மேனுக்கும் ஒரு விரலு போனதுண்ணே, மெஷின்ல. என்ன சொன்னாரு தெரியுமா? விரலக் குடுத்து வேல படிச்சவன், இவன் ஏமாத்துற ஆளு இல்ல, வேற எவனும் வேணாம், இவனையே கூட்டியான்னுட்டாரு."

வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீடு.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"ஒண்ணுமில்ல, மெடிக்கல்ல விரலக் கேப்பாங்க. முன்னாடியே எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை வராதுன்னாரு. இடது கைய விரிச்சு நெஞ்சுல வச்சு, மூஞ்சியோட சேத்து ஒரு போட்டோ. நாளைக்குள்ள அனுப்பிருங்க. அவரே ஆபீஸ்ல குடுத்துருவாரு."

"சரி தம்பி" என்றான் பூமிநாதன். "அனுப்புறேன்."

போன் அணைந்தது. ஜோதிகா வீடியோவை எடுத்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளினாள். நட்டு சுழன்று போனது. விரல் நின்றது. அவள் எடுத்த படம், அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்த விரலை அந்த வீட்டில் யாரும் கவனித்துப் பல வருசம் ஆகியிருந்தது. அது மாமாவின் கை, அப்படித்தான் இருக்கும்.

"நான் கிட்டப் போயிருக்கக் கூடாதும்மா" என்றாள்.

சபீரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மாரிக்கனி கேட்க வாயெடுத்தாள். பொறுப்பு வாப்பா என்று பாய் பேசிய குரல் காதில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

பூமிநாதன் இடது கையை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ப்புக் காய்த்த, எண்ணெய் ஏறிய, ஐந்து விரலும் முழுசாக இருக்கிற கை. இத்தனை வருசத்தில் ஒரு கீறல்கூட ஆழமாக வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

"மேல்கணுதான மச்சானுக்கு?" என்று கேட்டான். ஏதோ அளவு கேட்கிற குரல்.

அவன் எழுந்து கொல்லைக்குப் போனான். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான். வெகுநேரமாகக் கழுவினான்.

மாரிக்கனி அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மனையை மடக்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். மூலையில் கட்டு அவிழ்க்காமல் கிடந்த மகளின் தலையணைச் சுருட்டுக்குள் அதைச் செருகி, கயிற்றை இழுத்து இரண்டு முடிச்சு போட்டாள். ஜோதிகா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

கொல்லையில் தண்ணீர் நின்றது.

"மாரி, வெங்காயம் உரிச்சு வச்சிருந்தியே, நான் நறுக்கித் தாரேன். அருவாமனை எங்க இருக்கு?"